பாதிக் கண்ணாடியில் ஒரு ஃபோட்டான்

இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணாடியில் நம் முகமும் தெரியும், அதற்குப் பின்னால் ஓடும் கடைகளும் தெரியும். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடுகிறது. மீதி ஊடுருவிப் போகிறது. ஒளி வெறும் மின்காந்த அலை என்றால் இதில் புதிர் ஏதும் இல்லை. வாய்க்கால் தண்ணீர் மடையில் பிரிவதுபோல் அலை பிரிகிறது. எவ்வளவு மெலிந்தாலும் பிரியும். ஆனால் ஒளியின் மிகச்சிறு துகளான ஃபோட்டான் உடையாது. அது எந்தப் பக்கம் போகும்?

ஃபோட்டானுக்குச் சாட்சி கேட்டால், பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள், ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவரும் ஒளிமின் விளைவைச் சொல்வார்கள். 1905-இல் ஐன்ஸ்டைன் ஃபோட்டானை நினைத்து எழுதிய சமன்பாட்டை மில்லிகன் அளந்து உறுதி செய்தார் என்பது உண்மை. ஆனாலும் அந்தச் சாட்சி குறுக்கு விசாரணையில் தடுமாறும். உலோகத்தில் உள்ள எலக்ட்ரான் குவாண்டம் விதிக்குக் கட்டுப்பட்டால் போதும், ஒளியைப் பழைய அலையாகவே வைத்துக்கொண்டு அதே சமன்பாட்டைப் பெறலாம் என்று 1969-இல் இயற்பியலாளர்கள் லாம்பும் ஸ்கல்லியும் காட்டிவிட்டார்கள். பாடநூல்கள் இதைச் சொல்லாமல் கடப்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

உண்மையான சோதனை, பாதி ஒளியைத் திருப்பி மீதியை ஊடுருவ விடும், பாதி வெள்ளி பூசிய கண்ணாடியில்தான் இருக்கிறது. அதன் இரு பக்கமும் ஒளியை எண்ணும் கருவி ஒவ்வொன்றை வையுங்கள். இரண்டும் ஒரே கணத்தில் எத்தனை முறை துடிக்கின்றன என்று எண்ணுங்கள். தற்செயலாக அப்படி நேரும் அளவை 1 என்று கொண்டால், அலைக் கோட்பாட்டில் அந்த எண் 1-க்குக் கீழே இறங்கவே முடியாது. ஒற்றை ஃபோட்டான் என்றால் அது 0 ஆக வேண்டும்.

விளக்கை மங்கலாக்கினால் ஒற்றை ஃபோட்டான் கிடைத்துவிடும் என்று தோன்றும். 1909-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இயற்பியலாளர் டெய்லர் அப்படித்தான் செய்தார்: புகை படிந்த கண்ணாடிகளால் மங்கலாக்கிய வாயு விளக்கு, ஓர் ஊசி, சுமார் 2,000 மணி நேரம் ஒளிபட்ட படத்தகடு. ஊசி நிழலின் ஓரத்தில், ஒளியும் இருளும் மாறிமாறி வரும் அலைவரிகள் அப்படியே விழுந்தன. ஆனால் மங்கிய ஒளியிலும் எப்போதாவது இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்தே வரும். எவ்வளவு மங்கலாக்கினாலும் அந்த எண் 1-ஐ விட்டு இறங்காது.

1986-இல் பிரான்சின் ஒர்சேயில் கிராஞ்சியே, ரோஜர், அஸ்பே மூவரும் வேறு வழி பிடித்தார்கள். கிளர்வூட்டிய கால்சியம் அணு முதலில் பச்சை ஃபோட்டானையும், சில நானோநொடிகளில் (ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) ஊதா ஃபோட்டானையும் உமிழும். பச்சை வந்ததும் 9 நானோநொடிக்கு மட்டும் எண்ணிகள் விழித்திருக்கும். அந்த ஊதா ஃபோட்டான்தான் கண்ணாடிக்குப் போகிறது. அந்த எண் 0.18 என்று வந்தது. முழுப் பூஜ்யமாகாததற்குக் காரணம், அதே இடைவெளியில் பக்கத்து அணு ஒன்றும் உமிழ்ந்துவிடுவது.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. எண்ணிகளை நகர்த்திவிட்டு, இரு வழிகளையும் இன்னொரு பாதிக் கண்ணாடியில் சேர்த்தார்கள். ஒரு வழியின் நீளத்தை மெல்ல மாற்றியபோது, ஒரு வாசலில் எண்ணிக்கை ஏற, மற்றதில் ஏறத்தாழ வற்றியது. இந்த ஏற்ற இறக்க வரிகளின் தெளிவு 98 சதவீதத்துக்கு மேல். முன்பு ஏதேனும் ஒரு பக்கம் மட்டும் பிடிபட்ட அதே ஒளி, இப்போது இரு வழிகளின் நீளத்தையும் அறிந்ததுபோல் நடந்துகொண்டது. குவாண்டம் கணக்கில் கண்ணாடி பிரிப்பது ஃபோட்டானை அல்ல, அது எந்த வழியில் கிடைக்கும் என்பதற்கான வீச்சை, அதாவது அலைபோல் கூடவும் ஒன்றையொன்று அழிக்கவும் கூடிய எண்ணை. இரு வழிகளின் வீச்சுகளையும் முதலில் கூட்ட வேண்டும். பிறகுதான் அதை நிகழ்தகவாக மாற்ற வேண்டும். ஆற்றல் மட்டும் சிதறாமல் ஏதோ ஓர் எண்ணியில் மொத்தமாக வந்து விழுகிறது.