சுக்கான் பிடித்த கையும் துளை வழி அறுவையும்

பாம்பன், மண்டபம் பக்கம் 'கல்லடைப்பு' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போகிறவர்களுக்கு வேர்வையில் தண்ணீர் போகும், படகில் தண்ணீர் குடிப்பதும் குறையும். சிறுநீர் அடர்ந்து, அதிலுள்ள உப்பு கால்சியம் ஆக்சலேட் படிகமாகப் படியும். வாழைத்தண்டுச் சாறு குடித்தே நாளைக் கடத்துகிறவர்கள் உண்டு. ஆனால் வலி நின்றதாலேயே கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அடைப்பு நீடித்தால் சத்தமில்லாமல் சிறுநீரகமே கெடலாம். அப்புறம் அதை எடுக்க வேண்டிவரும்.

முன்பெல்லாம் விலாவை ஒட்டி நீளமாகக் கிழிப்பார்கள். 1990இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரால்ஃப் கிளேமன் குழுவினர் சிறு துளைகள் வழியாகவே ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். வயிற்றில் 5 முதல் 12 மில்லிமீட்டர் வரை மூன்று, நான்கு துளைகள். கார்பன் டைஆக்சைடு செலுத்தி உள்ளே இடம் உண்டாக்குவார்கள். அது தீப்பிடிக்காது, ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். ஒரு துளையில் கேமரா, மற்றவற்றில் நீளக் கருவிகள்.

சிக்கல் கையில்தான். துளை தாங்குபுள்ளி ஆகிவிடுவதால், கை இடப்பக்கம் போனால் கருவியின் நுனி வலப்பக்கம் போகும். சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால் நாட்டுப்படகு வலப்பக்கம் திரும்புவதுபோல. படகோட்டிக்கு அது சிறுவயதிலேயே படிந்துவிடுகிறது. மருத்துவரோ எம்.எஸ்., எம்.சிஹெச். என்ற அறுவை மருத்துவப் பட்டங்களெல்லாம் முடித்த பிறகு, ஃபெலோஷிப் என்று தனியாக ஓராண்டோ கூடுதலோ இதைப் பழகுகிறார்.

முதலில் கேமரா பொருத்திய பெட்டிக்குள் சிறு பொருள்களை இடம் மாற்றுவது, ஊசியைத் திருப்பிப் பிடிப்பது, முடிச்சுப் போடுவது. திரையில் ஆழம் சரியாகத் தெரியாது. தொடு உணர்வும் மங்கல். அறுவை அரங்கில் முதலில் கேமராவைப் பிடிப்பார், பிறகு ஆசிரியர் பக்கத்தில் நிற்க அறுவையின் ஒரு பகுதியை மட்டும் செய்வார். கெட்ட சிறுநீரகத்தை வெட்டி எடுப்பதைவிட, சிறுநீர்க்குழாய் தொடங்குமிடத்தில் உள்ள அடைப்பை நீக்கி மறுபடி தைப்பதுதான் கையை நிஜமாகச் சோதிக்கும் என்பேன். சில மில்லிமீட்டர் அகலக் குழாய் அது. தையல் இறுகினாலும் தவறு, ஒழுகினாலும் தவறு.

மருத்துவர் இயக்கும் ரோபோ இந்தத் தலைகீழ்க் கணக்கைச் சரிசெய்துவிடுகிறது: கை போகும் பக்கமே நுனியும் போகும், நடுக்கமும் வடிகட்டப்படும். சரி, அப்போது பயிற்சி எதற்கு? இரண்டு சிறுநீரகங்களுக்குமாக நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம் பாய்கிறது. அதைக் கொண்டுவரும் தமனியில் கசிவு வந்தால், துளை வழியே அடைப்பதா, உடனே வயிற்றைத் திறப்பதா என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். எந்திரம் அதைச் சொல்லாது. திறந்துவிடுவதைத் தோல்வியாக எண்ணாதிருக்கவும் அந்த ஓராண்டில்தான் பழக்குகிறார்கள்.