புது ஏசிக்கு கேஸ் ஏற்ற வேண்டுமா?

புது ஸ்பிளிட் ஏசி மாட்ட வந்தவர் "கேஸ் ஏத்தணும், அதுக்குத் தனி சார்ஜ்" என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். முதல்முறை மாட்டுவதற்கான கேஸ் கம்பெனியிலேயே அவுட்டோர் யூனிட்டில் அடைக்கப்பட்டுத்தான் வருகிறது. என்ன கேஸ், எவ்வளவு என்பது யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும். மேனுவலில் சொன்ன நீளத்தைக் காப்பர் பைப் தாண்டினால் மட்டும், மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கூடுதலாக ஏற்ற வேண்டும். அதையும் எடை மெஷினில் சிலிண்டரை வைத்து, எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். கேஜில் தெரியும் பிரஷர் வெயிலுக்கும் அறைச் சூட்டுக்கும் தகுந்தபடி மாறும். முள்ளை மட்டும் பார்த்து ஏற்றுவது வெறும் குத்துமதிப்பு.

பணம் போவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வேக்யூம், அதாவது பைப்புக்குள் இருப்பதை பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கும் விஷயம். பைப்பை இணைத்ததும் உள்ளே காற்றும் ஈரமும் இருக்கும். பம்ப் போட்டு இழுத்தால் பிரஷர் வெகுவாகக் குறைந்து, அந்த ஈரம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறிவிடும். அவசரக்காரர்கள் பம்பை எடுப்பதே இல்லை. வால்வை லேசாகத் திறந்து, யூனிட்டில் உள்ள கேஸாலேயே காற்றைத் தள்ளிவிட்டு "முடிஞ்சது சார்" என்று கிளம்பிவிடுகிறார்கள். கேஸும் வீணாகிறது, ஈரமும் முழுதாகப் போவதில்லை. ஆர்32, ஆர்410ஏ வகை கேஸ் உள்ள ஏசிகளின் கம்ப்ரஸர் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாளடைவில் அது அமிலமாகி கம்ப்ரஸரையே கெடுக்கும். ஆர்32 தீப்பற்றக்கூடிய கேஸ் என்பதையும் மறக்கக் கூடாது.

பம்ப் ஓட வேண்டிய நேரம் பைப் நீளத்தைப் பொறுத்தது. வேக்யூமை அளக்கும் மைக்ரான் கேஜில் 500-க்குக் கீழே இறங்க வேண்டும். பம்பை நிறுத்திய பிறகும் அளவு சட்டென்று ஏறக் கூடாது. ஏறினால் எங்கோ லீக், அல்லது ஈரம் மிச்சம்.

பைப்பில் பிரஷர் ஏற்றி லீக் பார்க்க நைட்ரஜன்தான் சரி. ஆக்சிஜன் சிலிண்டரை யாராவது எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்; ஆயிலோடு சேர்ந்தால் வெடித்துவிடும்.

அப்புறம், "வருஷா வருஷம் கேஸ் குறையும்" என்பதை நம்பாதீர்கள். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தானாகத் தீராது. குறைந்தால் லீக் இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது காப்பர் பைப்பை யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டைத்தான். அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்திருந்தால் பெரும்பாலும் கசிவு அங்கேதான். அதைச் சரிசெய்யாமல் டாப்-அப் போட்டால் அடுத்த கோடைக்கு மறுபடியும் செலவு.

கூடுதல் கேஸ் ஏற்றியிருந்தால் எத்தனை கிராம் என்று ஸ்டிக்கர் அருகிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்து சர்வீஸுக்கு வருபவருக்கு அந்தக் கணக்கு தேவைப்படும்.