சுற்றுகிற தலை, நிற்கிற கண்

பாம்பனிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆட்டப் பயிற்சி நடக்கிறதாம். "சார், போன்ல பாலேன்னு ஒரு வெளிநாட்டு டான்ஸ் பார்த்தேன். ஒரு அக்கா ஒத்தக் கால்ல நின்னு முப்பது தடவைக்கு மேல சுத்துறாங்க. முடிச்சதும் சிரிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க. நான் நாலு சுத்து சுத்துனாலே தடுமாறுறேன். டீச்சர் உனக்கு மேடைக் களையே இல்லங்கிறாங்க. அது பொறக்கும்போதே வரணுமா சார்?"

தலைசுற்றல் ஒரு கேள்வி, மேடையில் நிற்பவர் பார்க்கிறவர்களைக் கட்டிப்போடுகிற அந்த மேடைக் களை இன்னொரு கேள்வி என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன், நான் வாந்தி எடுத்த கதையைச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் மண்டபத்தில் ஒரு நண்பரின் வல்லத்தில் ஏறினேன். இந்தப் பக்கத்தில் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். நான் ஏறியது ஆண் கடலில், அதுவும் கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில். அரை மணி நேரத்தில் வயிறு புரண்டது. பயத்தில் படகின் அடித்தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுக்கான் பிடித்திருந்த பெரியவர் சத்தம் போட்டார்: "கீழ பாக்காதீங்க தம்பி! கரையில டவர் தெரியுது பாருங்க, அதையே பாருங்க." ராமேஸ்வரம் டிவி டவர் 323 மீட்டர் உயரம். கடலுக்குள் வெகுதூரம் போனாலும் குச்சி மாதிரி நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே கரை சேர்ந்தேன். பாலே ஆடுகிற அந்த அக்காவுக்கும் இப்படி ஒரு டவர் இருக்கிறது.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். படம் வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கியதோடு மறந்தும் போயிருப்பீர்கள். ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி ஒரு வேப்பிலையை மிதக்கவிடுங்கள். சட்டியைச் சட்டென்று திருப்பினால் சட்டி திரும்பும், இலை இருந்த இடத்திலேயே இருக்கும். விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீரும் மெல்ல மெல்லச் சுற்றத் தொடங்கும். இப்போது சட்டியை நிறுத்துங்கள். சட்டி நின்றுவிட்டது, இலை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

காதுக்குள் நடப்பதும் இதுதான். குழலுக்குள் திரவம், அதன் குறுக்கே ஜெல்லி போன்ற ஒரு சிறு திரை. தலை திரும்பும்போது திரவம் பின்தங்குவதால் திரை ஒரு பக்கம் வளைகிறது. "திரும்புகிறாய்" என்று மூளைக்குச் செய்தி போகிறது. சுற்றிவிட்டு நின்றால் திரவம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், திரை எதிர்ப்பக்கம் வளையும், மூளைக்குத் தப்பான செய்தி போகும். உடம்பு நிற்கிறது, உலகம் சுற்றுகிறது. காதுக்கும் கண்ணுக்கும் இருக்கும் இந்த உறவைப் பிரித்துக் காட்டியவர் ராபர்ட் பாரானி. காதுக்குள் வெந்நீரும் தண்ணீரும் விட்டுப் பார்த்தே கண்டுபிடித்தார்! 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் அதே 1914 என்பதால் எனக்கு அந்த ஆண்டு மறப்பதே இல்லை.

சரி, இனி எனக்குப் பிடித்த பகுதி. இந்த வரியைப் படித்துக்கொண்டே தலையை இடம் வலமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா? அடுத்து, தலையை அசைக்காமல் போனை மட்டும் அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து குழம்பிவிடும். இரண்டிலும் ஆட்டம் ஒன்றுதான். முதல் முறை உங்களைக் காப்பாற்றியது காது. தலை எவ்வளவு வலப்பக்கம் போகிறதோ, அவ்வளவு இடப்பக்கம் கண்ணைத் திருப்பச் சொல்லி அது ஆணையிடுகிறது. அந்த ஆணை நூறில் ஒரு நொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். காதிலிருந்து கண் தசை வரைக்கும் மூன்றே மூன்று நரம்பணுக்கள்தான் வழியில். யோசிக்கிற மூளையைக் கேட்டு வேலை செய்தால் இந்த வேகம் வராது. நடக்கும்போது உலகம் குலுங்காமல் தெரிவது இந்த மூன்று நரம்பணுக்களின் தயவு.

இதே ஏற்பாடு சுற்றி நிற்கும்போது எதிரியாகிவிடுகிறது. திரவம் அனுப்பும் தப்பான செய்தியை நம்பிக் கண்விழி மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து, வெடுக்கென்று திரும்பி, மறுபடி நகரும். வீட்டில் குழந்தை தட்டாமாலை சுற்றிவிட்டு நிற்கும்போது அதன் கண்ணைப் பாருங்கள், விழி துடிப்பது தெரியும்.

பாலே ஆடுகிறவர் இதை ஏமாற்றக் கையாளும் வித்தைக்கு ஸ்பாட்டிங் என்று பெயர். எதிரே கண் உயரத்தில் ஒரு புள்ளி. உடம்பு திரும்பத் தொடங்கிய பிறகும் முகம் அந்தப் புள்ளியை விடாது. கழுத்து இனி முடியாது என்கிற வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டு, தலை மட்டும் சாட்டை மாதிரி விசிறித் திரும்பி, உடம்பை முந்திக்கொண்டு அதே புள்ளிக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் தலை கொஞ்ச நேரமாவது நின்று நின்று போவதால் திரவம் ஒரே சீராக ஓடப் பழகுவதில்லை. கண்ணுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நிலையான பிடி கிடைக்கிறது. 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பியெரினா லெக்னானி 'ஸ்வான் லேக்' பாலேவில் வரிசையாக 32 முறை சுற்றிக் காட்டினார். அந்தப் பெண் போனில் பார்த்த சுற்று அநேகமாக அதன் வழிவந்ததுதான்.

இதோடு முடியவில்லை. 2013இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஓர் ஆய்வு வந்தது. 29 பாலே நடனப் பெண்களையும், அவர்களை ஒத்த வயதும் உடல்வலுவும் கொண்ட 20 துடுப்புப் படகு வீராங்கனைகளையும் இருட்டறையில் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிட்டு நிறுத்தினார்கள். இருட்டில் ஸ்பாட்டிங் செய்ய வழியில்லை. அப்படியும் நடனக்காரர்களுக்குச் சுற்றுகிற உணர்வு சீக்கிரமே அடங்கிவிட்டது. மூளையைப் படம் எடுத்தபோது, காதின் செய்தியை வாங்கும் சிறுமூளைப் பகுதி அவர்களுக்குச் சிறியதாக இருந்தது. வருடக்கணக்கான பயிற்சியில், உதவாத செய்தியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க மூளையே கற்றுக்கொண்டிருக்கிறது. ஒப்பிட எத்தனையோ விளையாட்டுக்காரர்கள் இருக்க, படகுக்காரர்களைக் கூப்பிட்டார்கள் பாருங்கள், அதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அப்புறம், மேடைக் களை? சுற்றி நிற்கிற நொடியில் விழி துடித்தால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது; 'இந்தப் பிள்ளைக்குப் பயம்' என்று மட்டும் தோன்றும். மனிதக் கண்ணில் கருவிழியைச் சுற்றி வெள்ளை பளிச்சென்று இருப்பதால், எதிராளி எங்கே பார்க்கிறார் என்பதைத் தூரத்திலிருந்தே படித்துவிடுகிறோம். நம்மை நேராகப் பார்க்கும் முகத்தைப் பிறந்து சில நாளே ஆன குழந்தைகூட அதிக நேரம் பார்க்கும். பாலேக்காரர் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் அதே முகம் அதே திசைக்குத் திரும்பி வருகிறது. தன் தலைசுற்றலைத் தடுக்கச் செய்கிற வேலை அது. ஆனால் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு, 'இத்தனை சுற்றிலும் இவள் நம்மை விடவில்லை' என்று படுகிறது.

இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. 'என்னைத்தான் பார்க்கிறார்' என்ற உணர்வு ஒற்றைக் கோட்டில் வருவதில்லை, ஒரு கூம்புக்குள் வருகிறது. பார்வை சில பாகை விலகினாலும் நமக்குத் தெரியாது. கூம்பின் அகலம் 8 பாகை என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தள்ளி அது கிட்டத்தட்ட 2.8 மீட்டர் ஆகிவிடும். ஒரு வரிசையில் ஐந்தாறு பேர், அவர்களுக்கு முன்னும் பின்னும் சிலர் என்று அத்தனை பேருக்கும் அவள் தங்களையே பார்ப்பதாகத் தோன்றும். கண் அலைந்துகொண்டே இருந்தால் இந்தக் கூம்பு யார் மேலும் நிற்காது. தரையைப் பார்த்து ஆடினால் கூம்பு முழுக்கத் தரைக்குத்தான்.

நம் ஊர்க் கரகத்தை நினைத்துப் பாருங்கள். தலையில் செம்பு இருக்கும்போது சாட்டை மாதிரி தலையை விசிற முடியுமா? செம்பு பறந்துவிடும். ஸ்பாட்டிங் என்ற வழியே அங்கே அடைபட்டிருக்கிறது. மிச்சமிருப்பது இரண்டு: வலமாகச் சுற்றியதற்கு இடமாகச் சுற்றித் திரவத்தின் ஓட்டத்தைக் கழிப்பது, பழகிப் பழகி மூளையை மரத்துப்போகச் செய்வது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆய்வு நிறுவனம் நெடுங்காலம் மண்டபத்தில்தான் தலைமையிடம் வைத்திருந்தது. மீனுக்கு அவ்வளவு செய்த கரை இது. கரகக்காரர் தலையில் ஒரு சின்ன அசைவு உணரியைக் கட்டி நாலு நாள் அளக்க ஆகிற பணம் ஒரு கருத்தரங்கின் மதியச் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். போனுக்குள்ளேயே அந்த உணரி இருக்கிறது! எந்தக் கல்லூரியாவது கையில் எடுத்தால் நானும் வந்து செம்பு பிடிக்கத் தயார்.

பாலே நமக்கெதற்கு என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ருக்மிணி தேவி 1928இல் பம்பாயில் ரஷ்ய பாலே நடனக்காரர் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். பரதத்துக்கு வந்ததும், 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியதும் அதற்கு அப்புறம்தான்.

நான் பதில் அனுப்பியபோது அந்தப் பெண் இன்னொரு சேதி சொன்னாள். பயிற்சியில் மயங்கி உட்கார்ந்த அன்றைக்கு, கண் பட்டுவிட்டது என்று அவளுடைய அப்பத்தா மிளகாயும் உப்பும் எடுத்துத் திருஷ்டி சுற்றிப் போட்டாராம். சுற்றியதால் வந்த வினைக்குச் சுற்றியே வைத்தியம்! அப்பத்தாவின் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்று நரம்பணுக்களுக்கு மிளகாய் நெடி எட்டாது.

இப்போதைக்கு அவளுக்கு நான் சொல்லியிருப்பது இவ்வளவுதான். முதலில் கால்சுற்று, அப்புறம் அரைச்சுற்று, மெதுவாக. தலை கடைசியாகக் கிளம்பி முதலாவதாக வந்து சேர வேண்டும். முடித்ததும் ஒரு மூச்சு நேரம் அசையாமல், புள்ளியைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பல பாலே அரங்குகளில் இதற்கென்றே பின்சுவரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு வைத்திருப்பார்கள். மேடை வெளிச்சத்தில் நிற்பவருக்கு எதிரே எல்லாம் கும்மிருட்டாகத் தெரியும் அல்லவா. சாயங்காலம் கடற்கரையில் டிவி டவரின் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பழகு என்றேன்.

மறுநாள் மறுபடி குரல் பதிவு வந்தது. "பீச்சுல ஆறு சுத்து வந்துருச்சு சார். ஆனா ஸ்கூல் மேடைக்கு எதுத்தாப்புல வெறும் சுவருதான் இருக்கு." அதற்கும் அவளே வழி கண்டுபிடித்திருந்தாள். அம்மாவின் அட்டையிலிருந்து பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டாளாம்.