ஃபிஷிங்: தூண்டில் மோசடி

வங்கி, மின்வாரியம், கூரியர் என்று நமக்குப் பழக்கமான ஒரு பெயரைப் போட்டுக்கொண்டு செய்தியோ இணைப்போ அனுப்பி, கடவுச்சொல், ஓடிபி, யுபிஐ பின் எண் ஆகியவற்றை நம் கையாலேயே கொடுக்கவைக்கும் மோசடிக்கு ஃபிஷிங் என்று பெயர். நெல்லைப் பக்கம் பணத்தைப் பறிகொடுத்தவர்கள், "அண்ணாச்சி, என் போனை ஹேக் பண்ணிட்டானுவ" என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் போனுக்குள் யாரும் புகுந்திருக்க மாட்டார்கள். பயத்திலோ ஆசையிலோ நாமே ஒரு எண்ணைச் சொல்லியிருப்போம், ஒரு பொத்தானை அழுத்தியிருப்போம்.

இந்தச் சொல் 1990களின் நடுவில் அமெரிக்காவில் பிறந்தது. ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்கள் போல நடித்து, வாடிக்கையாளர்களிடம் கடவுச்சொல்லும் கிரெடிட் கார்டு எண்ணும் கறந்தது ஒரு கூட்டம். மீன்பிடிப்பதற்கான ஆங்கிலச் சொல்லையே அந்தத் தொழிலுக்கு வைத்து, முதல் எழுத்தான f-ஐ மட்டும் ph என்று மாற்றினார்கள். 1970களில் தொலைபேசி நிறுவனங்களை ஏமாற்றி இலவசமாகப் பேசியவர்களுக்கு 'ஃப்ரீக்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அதன் எழுத்துக்கூட்டல்தான் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். "எங்கள் ஊழியர் யாரும் கடவுச்சொல் கேட்கமாட்டார்கள்" என்று ஏஓஎல் அப்போதே எச்சரிக்கை போட்டது. இன்று நம் வங்கிகள் அனுப்பும் குறுஞ்செய்தியிலும் அதே வாசகம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'மீன்பிடி மோசடி' பொருந்தாது. உவரிக் கடலில் வலை வீசியும்தான் மீன் பிடிக்கிறார்கள். குறுக்குத்துறையில் தாமிரபரணிக் கரையோரம் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர் மீனைத் துரத்துவதில்லை, மீன் தானாக வந்து கவ்வுகிறது. அதனால் 'தூண்டில் மோசடி' என்பதே என் தேர்வு. 'தூண்டு' என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. ஆசையைத் தூண்டுவது, பயத்தைத் தூண்டுவது, அவசரத்தைத் தூண்டுவது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். சூதில் கிடைக்கும் வெற்றியை வள்ளுவர் "தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று" என்கிறார் (குறள் 931). அங்கே பொன் என்றால் இரும்பு. இரைக்குள் மறைந்திருக்கும் அந்த முள்ளைத்தான் மீன் விழுங்குகிறது.

குரல் அழைப்பில் வந்தால் விஷிங், குறுஞ்செய்தியில் வந்தால் ஸ்மிஷிங். இவற்றைக் குரல் தூண்டில், குறுஞ்செய்தித் தூண்டில் என்றாலே போதும்.

"இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்" என்று தமிழ்நாடு முழுக்கச் சுற்றிய செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு இருட்டில் கிடக்க வேண்டுமே என்ற பயம்தான் இரை. பேசினால், நம் திரையை அவர்கள் பார்க்க வழிசெய்யும் ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள். முள் அதுதான். அந்த எண்ணுக்குப் பேசாமல், பழைய பில்லில் உள்ள இணைப்பு எண்ணை எடுத்துக்கொண்டு இபி ஆபீசில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். இன்னொன்று, யுபிஐயில் நமக்குப் பணம் வர பின் எண் தேவையே இல்லை. "பணம் அனுப்புகிறேன், பின் போடுங்கள்" என்றால் போவது நம் பணம்.

ஹேக் என்று சொல்லி மறைப்பதில் வெட்கமும் கலந்திருக்கிறது. தயவுசெய்து வெட்கப்படாதீர்கள், அந்தத் தயக்கத்தில்தான் பணம் கைமாறிக்கொண்டே போகிறது. ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிப்படி, ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியுடையது. ஆகவே உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் பேசுங்கள். எவ்வளவு தொகை, எத்தனை மணிக்குப் போனது, பரிவர்த்தனை எண் என்ன என்பதெல்லாம் தேவைப்படும். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியையும், மோசடிக்காரன் அனுப்பியதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.