45-3 என்று தோற்ற அணிக்கு எத்தனை சதவீதம் கொடுக்கலாம்?

2010 டிசம்பர் 6. நியூயார்க் ஜெட்ஸ் அணி நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸிடம் 45-3 என்று தோற்றது. தோற்றது என்பது மரியாதைக்காகச் சொல்வது, உண்மையில் துவைத்துக் காயப்போட்டார்கள். ஆறு வாரம் கழித்து அதே மைதானத்தில், அதே பேட்ரியாட்ஸுடன் பிளேஆஃபில் மோத வேண்டும், தோற்றால் சீசன் முடிந்தது. அந்த வாரம் ஒரு ஜெட்ஸ் ரசிகர் தன் அணிக்கு எத்தனை சதவீதம் வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும்?

நான் பேசுவது அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால், பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அதன் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள், நான்கு நான்காக எட்டுப் பிரிவுகள். ஒரே பிரிவில் இருப்பவர்கள் ஒவ்வொரு சீசனிலும் இரண்டு முறை மோதுவார்கள், பகை ஊறுவதே அங்கேதான். அப்புறம் பிளேஆஃபில் மூன்றாவது முறையாகச் சந்தித்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஒரு வாரத்துக்கு யாரும் நிதானமாகப் பேச மாட்டார்கள்.

ரசிகர் முதலில் எடுப்பது வெற்றி தோல்விக் கணக்கைத்தான். "நாங்கள் 13 ஜெயித்தோம், நீங்கள் 9." இந்தக் கணக்கு பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் ஆளை ஏமாற்றும். 2022-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் 17 ஆட்டத்தில் 13 ஜெயித்தார்கள், ஆனால் சீசன் முழுக்க அவர்கள் எடுத்த புள்ளிகள் 424, கொடுத்தவை 427. அதாவது கொடுத்ததுதான் அதிகம்! எட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள் முடிந்த ஆட்டங்கள் 11, பதினொன்றையும் அவர்களே ஜெயித்திருந்தார்கள். நெருக்கமான ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயிப்பது திறமையைவிட அதிர்ஷ்டத்தின் பக்கம் சாய்ந்த விஷயம், அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்று நம்ப முடியாது. பேஸ்பாலுக்காக பில் ஜேம்ஸ் உருவாக்கிய ஒரு சூத்திரம் உண்டு, எடுத்த புள்ளியையும் கொடுத்த புள்ளியையும் வைத்து இந்த அணி எத்தனை ஜெயித்திருக்க வேண்டும் என்று சொல்லும். அதைக் கால்பந்துக்கு ஏற்ப மாற்றிப் போட்டால் அந்த வைக்கிங்ஸுக்குக் கிடைப்பது எட்டரை வெற்றிகூட இல்லை. முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே, சொந்த மைதானத்தில், நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 31-24 என்று தோற்று வீட்டுக்குப் போனார்கள்.

சரி, அப்படியானால் எதை வைத்துத் தொடங்குவது? பந்தயச் சந்தை சொல்லும் ஸ்பிரெட்டை வைத்து. யார் எத்தனை புள்ளியில் ஜெயிப்பார்கள் என்ற மதிப்பீடு அது, பணம் கட்டுகிற பல பேருடைய கணிப்பு அதற்குள் கலந்திருக்கிறது. ஹால் ஸ்டெர்ன் என்ற புள்ளியியலாளர் 1980-களின் சில சீசன்களை எடுத்து, ஸ்பிரெட் சொன்னதற்கும் நடந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து 1991-இல் ஒரு கட்டுரை எழுதினார். சராசரியாகப் பார்த்தால் ஸ்பிரெட் கிட்டத்தட்டச் சரி. ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் அந்த மதிப்பீட்டைச் சுற்றி மணி வடிவத்தில் சிதறுகிறது, அந்தச் சிதறலின் திட்ட விலக்கம், அதாவது மதிப்பீட்டிலிருந்து ஆட்டங்கள் வழக்கமாக விலகும் அளவு, சுமார் 14 புள்ளி. இந்த 14-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வாதங்கள் அடங்கிவிடும் என்பது என் கட்சி. மூன்றில் ஒரு ஆட்டம் மதிப்பீட்டிலிருந்து இரண்டு டச்டவுனுக்கும் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் கிடைப்பது, ஒன்றுக்கு ஏழு புள்ளி என்று கொள்ளலாம்) மேல் விலகிப் போகும் என்று அர்த்தம்.

இதை வைத்துக் கணக்குப் போட்டால், ஸ்பிரெட்டில் 3 புள்ளி மேலே இருக்கும் அணி ஜெயிக்க வாய்ப்பு 58, 59 சதவீதம்தான். 7 புள்ளி என்றால் 69. 10 என்றால் 76. 14 புள்ளி மேலே இருக்கும் அணிகூட ஆறில் ஒரு முறை தோற்கும்.

இவ்வளவு சிதறல் ஏன்? ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு முறைதான் பந்து கிடைக்கும். என்பிஏ கூடைப்பந்தில் ஏறக்குறைய நூறு முறை கிடைக்கிறது, அதனால் அங்கே நல்ல அணியின் நல்லது வெளியே வர அவகாசம் இருக்கிறது, ஒரு தப்பு நடந்தால் இன்னொரு இடத்தில் ஈடுகட்டிவிடலாம். இங்கே பன்னிரண்டு வாய்ப்பில் ஒன்று எதிராளி எல்லைக்கு அருகே ஃபம்பிளாகக் கை நழுவி, அவர்கள் அதை எடுத்து மறுமுனைக்கு ஓடிவிட்டால், எடுக்க வேண்டிய ஏழும் போய், அவர்கள் எடுத்த ஏழும் சேர்ந்து 14 புள்ளி ஒரே நொடியில் புரண்டுவிடும். பந்து வேறு உருண்டை இல்லை, தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. கீழே விழுந்த ஃபம்பிளை யார் எடுக்கிறார்கள் என்பது நீண்ட காலக் கணக்கில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி.

இப்போது ரசிகர்கள் அடுக்கும் மற்ற காரணங்களை இந்த 14-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொந்த மைதானம் வெகுகாலம் இரண்டரை, மூன்று புள்ளி பெறும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. 2020-இல் பெருந்தொற்றால் அரங்குகள் காலியாகவோ கால்வாசியாகவோ இருந்தபோது சொந்த மைதான அணிகள் 127 வெற்றி, 128 தோல்வி, ஒரு சமன். ஆக, கூச்சலுக்கு ஏதோ மதிப்பு இருந்திருக்கிறது, ஆனால் அது முழுசாக வேலை செய்தாலும் எட்டு ஒன்பது சதவீதத்துக்கு மேல் நகர்த்தாது. முதன்மை குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர், காயம் என்றால் மட்டும் பதறலாம், ஒரு தனி ஆள் பல புள்ளிகளை மாற்றுவது அந்த ஓர் இடத்தில்தான். பழிவாங்கும் வெறி, சீருடை நிறம், எதிரணி வீரர் பேட்டியில் சொன்ன திமிரான வார்த்தை... இவற்றுக்கு நான் பூஜ்யம் போடுவேன்.

பகை ஆட்டங்களில் தவறாமல் வரும் வாதம் ஒன்று: "ஒரே அணியை மூன்று முறை ஜெயிப்பது கஷ்டம்." சீசன் தொடங்கும் முன் சொன்னால் சரிதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் 60 சதவீதம் என்றால் மூன்றையும் ஜெயிக்க 22 சதவீதமே. ஆனால் இரண்டு ஏற்கெனவே முடிந்துவிட்டதே! மிச்சம் இருப்பது ஒன்று, அதற்கு அதே 60. இரண்டு முறை ஜெயித்தது நாம் கொஞ்சம் மேல் என்பதற்குச் சாட்சி, அது எப்படி நமக்கு எதிராகத் திரும்பும்? 2008 சீசனில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் பால்டிமோர் ரேவன்ஸை 23-20, 13-9 என்று மயிரிழையில் இரண்டு முறை ஜெயித்து, மூன்றாவதாக பிளேஆஃபில் 23-14 என்று ஜெயித்தார்கள். அதற்கு முந்தைய சீசனில் டல்லஸ் கவ்பாய்ஸிடம் இரண்டும் தோற்ற நியூயார்க் ஜயன்ட்ஸ் மூன்றாவதை 21-17 என்று பிடுங்கிக்கொண்டது. மக்கள் ஜயன்ட்ஸை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். 1970-க்குப் பிறகான மொத்தக் கணக்கில் முதல் இரண்டையும் வென்ற அணியே பாதிக்கு மேல் ஜெயித்திருக்கிறது.

நினைவுக்கு முன்னால் கண்ணே ஓரவஞ்சனை செய்யும். 1951-இல் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழக அணிகள் முரட்டுத்தனமாக மோதிய ஆட்டத்தின் படச்சுருளை இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள் ஹேஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இரண்டு ஆய்வாளர்கள். டார்ட்மவுத் செய்த தப்புகளாக பிரின்ஸ்டன்காரர்கள் கண்டது சராசரியாக 9.8, டார்ட்மவுத்காரர்கள் கண்டது 4.3. ஒரே படம். பணம் கொடுத்தால் கண் திறக்குமா என்றால் அதையும் பார்த்துவிட்டார்கள். சிம்மன்ஸ், மாஸி இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு என்எஃப்எல் ஆட்டத்தைச் சரியாகக் கணித்தால் 50 டாலர் வரை தருவதாகச் சொன்னார்கள், அப்போதும் ரசிகர்கள் தங்கள் அணி பக்கமே சாய்ந்தார்கள். மனதார நம்பித்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது, பாவம்.

ஜெட்ஸுக்கு வருவோம். 45-3 என்பது ஒரே ஒரு ஆட்டம், மணியின் ஓரத்தில் விழுந்த ஒன்று. அதே சீசனில் செப்டம்பரில் ஜெட்ஸ் இதே அணியை 28-14 என்று ஜெயித்திருந்தது, டிசம்பருக்குப் பிறகு அது யாருக்கும் ஞாபகம் இல்லை. பேட்ரியாட்ஸ் 9 புள்ளி மேலே என்று வைத்துக்கொண்டால் ஜெட்ஸுக்கு 26 சதவீதம், நாலில் ஒரு முறை. ஜெட்ஸ் 28-21 என்று ஜெயித்தது.

அடுத்த வாரம் பிட்ஸ்பர்க்கில் ஸ்டீலர்ஸுடன் ஆட்டம். ஐந்து வாரம் முன்புதான் அதே மைதானத்தில் ஸ்டீலர்ஸை 22-17 என்று ஜெயித்திருந்ததால் ஜெட்ஸ் ரசிகர்கள் இப்போது தெம்பாகக் கணக்குப் போட்டார்கள். 24-19. ஸ்டீலர்ஸுக்கு.