கரடிக்குத்தான் பயமாம்

காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கங்களிலிருந்து குழந்தைகளை ஆலோசனைக்கு அழைத்து வரும் தாய்மார்கள் பலர் தயங்கித் தயங்கிச் சொல்லும் கவலை ஒன்று உண்டு. "பொம்மைகூடவே பேசிக்கிட்டு இருக்கா மேடம், அது பதில் சொல்லுதுன்னு வேற சொல்றா." காற்று கருப்பு அண்டியிருக்குமோ என்று பயந்து, தாயத்துக் கட்டிவிட்டு வருவோரும் இருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்று வயது முதல் ஏழு வயது வரை இது முற்றிலும் இயல்பானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பேச்சைச் சற்று அருகிலிருந்து கவனியுங்கள். குழந்தை கரடியின் காதில் ஏதோ கிசுகிசுக்கும். பிறகு கரடியின் வாயைத் தன் காதருகே வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சில நொடிகள் காத்திருக்கும். "கரடிக்கு வயிறு வலிக்குதாம், நாளைக்கு ஸ்கூலுக்கு வராதாம்" என்று அதன் பிறகுதான் நம்மிடம் சொல்லும். கரடி துணியாலும் பஞ்சாலும் ஆனது என்று அந்தக் குழந்தைக்கு நன்றாகத் தெரியும். தன் பயத்தைத் தன்னுடையதாகச் சொல்லத் துணிவில்லாததால், அதைக் கரடியின் பயமாகச் சொல்லிப் பார்க்கிறது.

பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், குழந்தை விடாமல் பற்றிக்கொள்ளும் பொம்மையையும் போர்வையையும் பற்றி 1953இல் வெளியான கட்டுரையில் விரிவாக எழுதினார். தாயின் அணைப்புக்கும் வெளியுலகுக்கும் நடுவே நிற்கும் அந்தப் பொருளைப் பற்றி, 'இது நீயே கற்பனை செய்ததா, வெளியிலிருந்து வந்ததா' என்று குழந்தையிடம் கேட்கக் கூடாது என்பது அவர் வலியுறுத்திய கருத்து. "பொம்மை எங்கடி பேசும், நீதானே பேசுற" என்று நாம் வீட்டில் மடக்குவது ஏறத்தாழ அந்தக் கேள்விதான். அப்படி மடக்கப்பட்ட குழந்தை, பெரும்பாலும் பொம்மையிடம் பேசுவதை நிறுத்துவதில்லை. நம்மிடம் சொல்வதைத்தான் நிறுத்திக்கொள்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் வீடுகளுக்குள் புகுந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் கறுத்துப்போன முயல் பொம்மையைத் தூக்கிப் போட்ட ஒரு தாய், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தேடி அதே நிறத்தில், அதே அளவில் புதிய முயலை வாங்கிக் கொடுத்தார் (அடையாளங்களை மாற்றியே சொல்கிறேன்). "இது பேச மாட்டேங்குது" என்று குழந்தை அதை ஓரமாக வைத்துவிட்டது. இது பிடிவாதம் அல்ல. புரூஸ் ஹூட், பால் புளூம் ஆகிய உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், எதையும் அச்சு அசலாக நகலெடுக்கும் என்று சொல்லி ஒரு கருவியைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். தம்முடன் உறங்கும் பொம்மையைக் கொண்டுவந்த குழந்தைகளில் பெரும்பாலோர் நகலை ஏற்காமல் பழையதையே கேட்டார்கள், சிலர் அதைக் கருவிக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை. ஆகவே அழுக்கான பொம்மையைத் துவைப்பதானால் குழந்தையிடம் சொல்லிவிட்டு, அதன் கண்ணெதிரிலேயே துவையுங்கள். தூக்கிப் போட்டே ஆக வேண்டுமென்றால், விடைபெற்றுக்கொள்ளச் சிறிது நேரம் கொடுங்கள்.

பொம்மை பேசுகிறது என்று குழந்தை சொன்னால், பொம்மையிடமே கேளுங்கள். "கரடிக்கு ஸ்கூல்ல என்ன பிடிக்கலையாம்?" என்று கேட்டுவிட்டு, குழந்தை காத்திருப்பதைப் போல நீங்களும் காத்திருக்க வேண்டும். ஒரே அறையில் ஐந்தாறு பேர் வசிக்கும் நம் குடியிருப்புகளில் அந்தத் தனிமை கிடைப்பது கடினம்தான். இரவு விளக்கை அணைத்த பின் ஐந்து நிமிடம் போதும். ஆனால் "சாப்பிடலைன்னா டெடி உன்கூடப் பேசாதாம்" என்று பொம்மையின் வாயால் நீங்கள் மிரட்டாதீர்கள். குழந்தை நம்பிப் பேச வைத்திருக்கும் துணையை நம் கண்டிப்புக்குக் கருவியாக்குவது பெரும் தவறு என்றே கருதுகிறேன்.

பொம்மை சொல்வதெல்லாம் நடந்த சம்பவம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கேட்டது, பார்த்தது, கனவு எல்லாம் அதில் கலந்திருக்கும். எனினும், யாரோ தொட்டதாகவோ அடித்ததாகவோ பொம்மை வழியாக மீண்டும் மீண்டும் சொன்னால், துருவித் துருவிக் கேட்காமல், திட்டாமல், குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உடனே அழையுங்கள்.