ஏர் கன்னர்: விமானத்தைச் சுட்டவரா, விமானத்திலிருந்து சுட்டவரா?

நிக்கோலஸ் அல்கமேட் கதை தமிழில் அடிக்கடி சுற்றிவரும். இரண்டாம் உலகப் போரில், 1944 மார்ச் 24 இரவு, பெர்லினில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் தீப்பிடித்தது. அதில் அவர் 'ஏர் கன்னர்', அதாவது விமானத்திலிருந்து எதிரி விமானங்களைச் சுடுபவர். பாராசூட் எரிந்துபோகவே, 18,000 அடி உயரத்திலிருந்து வெறுமனே குதித்தார். மரக்கிளைகளும் பனியும் தாங்கிக்கொண்டதில் கால் சுளுக்கோடு பிழைத்தார். வயது 21. போன வாரம் படித்த கட்டுரையிலும் அவர் 'விமான எதிர்ப்புத் துப்பாக்கி வீரர்'தான். இப்படிப் படிப்பது எனக்கு மூன்றாவது முறை. விமான எதிர்ப்புத் துப்பாக்கி தரையில் நின்று விமானத்தைச் சுடுவது. அதைப் பிடித்திருந்தவர் 18,000 அடி உயரத்துக்கு எப்படிப் போனார்? எழுதியவருக்கு இந்தக் கேள்வியே எழவில்லை.

'ஏர் கன்னர்' என்பதில் 'ஏர்' காற்றல்ல, வான்படைப் பணி. பலூன் சுடும் 'ஏர் கன்'னுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அடுத்த தவறான மொழிபெயர்ப்பு 'வான் பீரங்கியாளர்'. தூய தமிழ் என்று சிலர் விடாமல் எழுதுகிறார்கள். முதலில், பீரங்கியே 'பிரங்கி'யர் (ஐரோப்பியர்) பெயரால் வந்த சொல். அதைக்கூட விட்டுவிடலாம், பொருள் பிழைதான் பெரிது. தரைப்படையில் 'கன்னர்' என்றால் பீரங்கிப்படைக்காரர். அகராதியில் அதைப் பார்த்து, முன்னால் 'வான்' ஒட்டியிருக்கிறார்கள். லங்காஸ்டரின் வாலில் இருந்தவை நான்கு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள், முதுகில் இரண்டு. எல்லாம் 0.303 அங்குலம், காலாட்படை ரைபிளின் அதே அளவு. எதிரே வந்த ஜெர்மன் இரவுப்போர் விமானங்களில்தான் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் இருந்தன. பீரங்கியை எதிர்த்து ரைபிள் தோட்டாவோடு உட்கார்ந்திருந்தவரைப் பீரங்கியாளர் என்றால் அவர் பட்ட ஆபத்தே மறைந்துபோகிறது. அந்தப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573.

'துப்பாக்கி வீரர்' என்று பொதுவாகப் போட்டால் போதாதா என்பார்கள். போதாது. கிரிக்கெட் ஆடுபவரும் வீரர், காளை அடக்குபவரும் வீரர். தவிர, ஒரு லங்காஸ்டரில் ஏழு பேர். அவர்களில் இருவர் சுடுபவர்கள். 1944 ஜூன் 12 இரவு, பிரான்சின் காம்ப்ரே நகரைத் தாக்கப் போன கனடியப் படைப்பிரிவின் லங்காஸ்டர் தீப்பிடித்தது. முதுகில் இருந்த ஆண்ட்ரூ மைனார்ஸ்கி குதிக்கப் போனவர், வாலில் சிக்கிக்கொண்ட தோழரைப் பார்த்தார். உடையில் தீ பிடித்தும் கோடரியால் கூண்டைத் திறக்க முயன்றார். முடியவில்லை. தோழருக்கு சல்யூட் வைத்துவிட்டுக் குதித்தார், தீக்காயத்தில் இறந்தார். வாலில் இருந்தவர் விமானம் விழுந்தும் பிழைத்தார். மைனார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் என்ற மிக உயர்ந்த வீர விருது கிடைத்தது. இருவரையும் 'துப்பாக்கி வீரர்' என்று எழுதிப் பாருங்கள், யார் யாரைக் காப்பாற்றப் போனார் என்றே புரியாது.

என் சொல் 'விமானச் சுடுநர்'. ஓட்டுநர், பெறுநர் போல சுடு என்ற வினையோடு 'நர்'. (தயவுசெய்து 'சுடுனர்' வேண்டாம். 'ஓட்டுனர்' பலகைகளைப் பார்த்துப் பார்த்தே கண் வலிக்கிறது.) வாலில் இருப்பவர் வால் சுடுநர், முதுகில் இருப்பவர் முதுகுச் சுடுநர், அவர் அமரும் சுழலும் கூண்டு சுடுகூண்டு. சுடுவதைவிட இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு அதிக வேலை என்பது உண்மை. உறையும் குளிரிலும், பார்வை தெளிவாக இருக்கட்டும் என்று கூண்டின் பிளாஸ்டிக் தகட்டையே கழற்றி எறிந்தவர்கள் உண்டு. அதனால் 'வான்காவலர்' என்றும் யோசித்தேன். ஆனால் அதில் துப்பாக்கி இல்லை.

அல்கமேட் வால் சுடுநர். வால் கூண்டு அவ்வளவு நெருக்கடியானது, பாராசூட்டை உள்ளே வைக்க இடமில்லை. பின்னால் இருந்த கதவைத் திறந்து, விமானத்தின் உடற்பகுதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அன்று அவர் கதவைத் திறந்தபோது அது எரிந்துகொண்டிருந்தது. பிடித்த ஜெர்மானியர்கள் முதலில் அவரை நம்பவில்லை. நொறுங்கிய விமானத்தில் அந்தப் பாராசூட்டின் மிச்சம் கிடைத்த பிறகே நம்பினார்கள்.